சுருட்டி வைத்த ஆப்பிள் படம்

1
இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் ஷாமிளா. கேகாலையிலிருந்து யட்டியாந்தோட்டை போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தாள். தோட்டத்துத் தாய்மாருக்குச் சத்துணவு வகுப்பு எடுப்பவள். சொல்லி முடித்துவிட்டு, "எழுதினா என்னைய ரொம்ப நல்லவளாக் காட்டாதீங்க" என்றாள். முயல்கிறேன்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'றப்பர் மரங்களின் நிழலில் வறுமையில் வாடிய...' வேண்டாம். அங்கே யாரும் வாடிக்கொண்டு நிற்கவில்லை.

மூன்றாவது வகுப்புக்கு வந்தது நான்கே பேர். தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஷாமிளா படத்தை மாட்டினாள்: ஆப்பிள், பால், தோடம்பழம். றப்பர்ப் பால் வெட்டிவிட்டு நேரே வந்திருந்த பரிமளத்தின் மடியில் இரண்டு வயது மகள் லக்ஷிகா. மூன்று மாதமாகக் குழந்தையின் எடை ஏறவில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு மிஸ். நாங்க ஆக்குறது ஒன்னுகூட அதுல இல்லியே" என்றாள் பரிமளம்.

(இங்கே ஷாமிளாவை அழ வைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவளுக்கு வந்தது கோபம்.)

"அப்ப என்னதான் ஆக்குறீங்க?"

"ரொட்டிதான். வந்து பாருங்களேன்."

3
போனாள். கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு; அவ்வளவுதான். பரிமளத்தின் லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை தழைத்து நின்றது.

"இதப் பிள்ளைக்குக் குடுக்கலாமே?"

"கீரைய நாக்காலயே பிரிச்சுத் துப்பிடுவா மிஸ்."

"நெத்தலிக் கருவாடு இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"உப்புப் போகக் கழுவி வறுத்துப் பொடிச்சு மாவுல போடுங்க. தனியா உப்பு வேணாம்."

பரிமளம் யோசித்தாள். முருங்கை இலையைப் பொடியாக அரிந்து, நெத்தலித் தூளோடு அதையும் மாவில் சேர்த்துப் பிசைந்தாள். "இனிப் பிரிக்கட்டும் பாப்போம்!"

ஷாமிளா தட்டிய ரொட்டி கல்லோடு ஒட்டிக்கொண்டது. பரிமளம் தட்டியதை லக்ஷிகா முழுக்கத் தின்றுவிட்டு, "இன்னொன்னு" என்றாள்.

4
அடுத்த வகுப்பில் ஷாமிளா படத்தைச் சுருட்டி மூலையில் வைத்தாள். அடுப்பு எரிந்தது. பதினெட்டுப் பேர். ஒருத்தி அவித்த கௌப்பிப் பயறோடு வந்தாள், ஒருத்தி கங்குன் கீரையோடு. அதிகம் பேசியது பரிமளம்தான். அளவு சொன்னது ஷாமிளா. அம்மாதம் லக்ஷிகா முந்நூறு கிராம் ஏறினாள்.

5
ஆனால் அவளுடைய வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு இன்னும் சரியான எடைக்குரிய பச்சைப் பகுதியைத் தொடவில்லை. தொட வைக்க எனக்கு ஒரு வரி போதும். எழுத மாட்டேன்.

இதோ, மறுமாத நிறுவை. தொங்குதராசில் லக்ஷிகா. கையில் பாதி ரொட்டி. மிட்வைஃப் அதைக் கேட்கிறாள். குழந்தை தர மறுக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். முள் ஆடுகிறது.

எங்கே நிற்கிறதென்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். ரொட்டியின் எடையை மட்டும் கழித்துவிடுங்கள்.