நபுகீரா அந்தரத்தில் எழுதிய தேர்வு

உகாண்டாவின் மசாகாவில் அலைபேசி வழியே பல்கலைக்கழகப் படிப்பு படித்தவர்கள் தரையைவிட்டு எழும்பத் தொடங்கியது காபி விலை சரிந்த வருஷத்தில்தான். முதலாண்டுக்காரர்கள் ஒரு சாண், இரண்டாமாண்டுக்காரர்கள் முழங்கால் உயரம், மூன்றாமாண்டுக்காரர்கள் இடுப்பு உயரம். தையற்காரர்கள் பெண்கள் உடுத்தும், தரையைத் தொடும் கோமெசி உடைக்குக் கூடுதல் துணி கேட்டார்கள். மிதந்தவர்களின் நிழலில் கோழிகள் ஒண்டின. பாடம் முடிந்ததும் எல்லோரும் இறங்கி வாழைக்காய் உரிக்கப் போனார்கள். இதில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை.

பள்ளி ஆசிரியை நபுகீராவுக்கு அன்று மூன்றாமாண்டின் கடைசித் தேர்வு. பட்டம் இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் வேலை இல்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தேர்வு விதியும் கறாரானது. முகம் திரையைவிட்டு அகலக் கூடாது, பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. மீறினால் தேர்வு அணைந்துவிடும். பாதித் தேர்வில், கணவன் லுடாயாவின் அத்தை நசூனா வந்து சேர்ந்தாள். அத்தை முன் மண்டியிடாத மருமகள் அந்தக் குடும்பத்தில் தங்கியதில்லை. ஒருத்தி பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"கொஞ்சம் பொறுங்க அத்தை, பரீட்சை எழுதிட்டிருக்கா," என்று முற்றத்திலேயே மறித்துக் கெஞ்சினான் லுடாயா.

"எழுதட்டுமே, நானா வேணாங்கறேன்? மண்டி போட்டுட்டு எழுதச் சொல்லு. போன தடவ அந்தரத்துல நின்னுக்கிட்டே என்னைப் பார்த்துச் சிரிச்சா. தரையில நிக்கக் கத்துக்குடுக்கலையா அந்தக் காலேஜுல?"

"மெதுவா, அத்தை! போனுக்குக் கேட்டுரும்."

நசூனா அவனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். இளையவள்தான் முதலில் வணங்க வேண்டும் என்பதால் வாய் திறக்காமல் நின்றாள். நபுகீராவின் அலைபேசி சுவரில் உயரே, அவள் முகத்துக்கு நேராக மாட்டியிருந்தது. இறங்கி மண்டியிட்டால் முகம் திரையைவிட்டு நழுவும், வேலை போகும். இறங்காவிட்டால் வீடு போகும். வாய்விட்டு அழவும் வழியில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், நின்ற உயரத்திலேயே இரண்டு கால்களையும் பின்னால் மடக்கினாள். தலை ஒரு விரல்கூடத் தாழவில்லை.

தன் கழுத்து உயரத்தில் மண்டியிட்டிருந்த முழங்கால்களை நசூனா வெகுநேரம் பார்த்தாள். காற்றில் போட்ட மண்டி செல்லுமா? மருமகள் வெறுந்தரையில் மண்டியிடக் கூடாது, அடியில் பாய் வேண்டும் என்பது முறை. மூலையிலிருந்த பாயை எடுத்து, நாலாக மடித்து, இரு கைகளாலும் தூக்கி அந்த முழங்கால்களுக்கு அடியில் பிடித்தாள். கைமாற்ற வந்த லுடாயாவை முறைத்தாள். கடைசிக் கேள்வி முடியும்வரை இறக்கவில்லை.

இறங்கி வந்ததும் நபுகீராவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்றாள்.

"கை கடுக்குது," என்றாள் நசூனா. "இதுக்கு மேலயும் படிப்பு இருக்கா?"

"இருக்கு அத்தை. இன்னும் ரெண்டு வருஷம்."

நசூனா அண்ணாந்து கூரையின் உயரத்தைக் கணக்குப் போட்டாள். பட்டம் வந்த வாரமே அவள் அனுப்பிய ஆள் வந்து, நபுகீரா படிக்கும் இடத்துக்கு நேர் மேலே கூரையில் நாலு தகரங்களைக் கழற்றிவிட்டுப் போனான்.