சுசீந்திரத்தில் நின்ற சைக்கிள்

சைக்கிள் பந்தயத்தில் வள்ளிநாயகம் ஜெயித்துவிட்டால் தன் தலைவிதியே மாறிவிடும் என்று தாணம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள். வெள்ளிக் கோப்பையைக் கொண்டுவந்து அம்மை முன்னால் வைத்து, "இது தாணு வேலை. அவதான் என்னைப் பழக்கினா" என்று சொல்வதாக அவள் புருஷன் வாக்குக் கொடுத்திருந்தான். கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபட்டதில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்று சொன்னால்கூட, மாமியார் பிச்சம்மாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லுவாள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு காரியத்தில், அவள் சொன்னது சரி என்று நாலு பேர் முன்னால் ஆகிவிட்டால் போதும்.

போன வருஷப் பந்தயத்தில் வள்ளிநாயகம் பாதி வழியில் நுரை தள்ளி விழுந்து, வாழைக்குலை ஏற்றிவந்த மாட்டு வண்டியில் குலைகளுக்கு நடுவே வீடு வந்து சேர்ந்தான். சுசீந்திரம் முழுக்கச் சிரித்தது. தாணம்மாள் சிரிக்கவில்லை. பூதப்பாண்டியில் அவள் அப்பாவுக்கு வண்டி மாட்டுப் பந்தயம் என்றால் பைத்தியம். எடுத்த எடுப்பில் பாய்கிற காளை எல்லைக்குப் போய்ச் சேராது, வயிறு நிறையத் தின்ற காளைக்கு மூச்சு எட்டாது என்பதையெல்லாம் பாவாடை கட்டிய வயசிலேயே பார்த்தவள் அவள். கட்டின புருஷனை மாட்டோடு சேர்த்துப் பேச முடியுமா? ஆனாலும் ஒரு நாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"இஞ்ச பாருங்கோ, முட்டு ரெண்டையும் வெளிய தள்ளிக்கிட்டு மிதிக்கிய. தவளை நீந்துத மாதிரி இருக்கு."

அவன் முறைத்தான். மறுநாள் யாருக்கும் தெரியாமல் முழங்காலை உள்ளே ஒடுக்கி மிதித்துப் பார்த்துவிட்டு வந்து, "ஏட்டி, வண்டி தானா போகுது" என்றான். அன்றைக்குப் பிடித்தது அந்தக் கூட்டு.

விடிகாலையில் அவன் குளத்தங்கரையைச் சுற்றி மிதிப்பான். அவள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் படித்துறையில் நின்று பார்ப்பாள். "பாடிக்கிட்டே மிதிங்கோ. பாட்டு முறிஞ்சா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்" என்பது அவளாகக் கண்டுபிடித்த வழி. வள்ளிநாயகத்துக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டதாகவும், சைக்கிளில் சாமிப் பாட்டோடு சுற்றுவதாகவும் ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பெண்டாட்டியிடம் சைக்கிள் படிக்கிறான் என்று தெரிந்தால் இதைவிட மோசமாகப் பேசுவார்கள்.

பந்தயம் கன்னியாகுமரியில் தொடங்கி நாகர்கோவில் வழியாகத் தக்கலையில் முடியும். முன்னால் போகிறவர்களை முந்தாமல் அவர்கள் முதுகை ஒட்டியே போக வேண்டும், எதிர்காற்று அவர்கள் நெஞ்சில் அடிக்கட்டும், வில்லுக்குறி ஏற்றத்தில் அவர்கள் திணறும்போது தாண்டிவிட வேண்டும் என்று அவள் சொல்லிச் சொல்லி அவனுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. காலையில் கஞ்சித் தண்ணியும் ஒரு பழமும் போதும், வேறு எதையும் தொடக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் அவள் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். அந்த வீட்டு வழக்கப்படி மூன்று நாளும் கிணற்றடி ஓலைச் சாய்ப்பில்தான் இருக்க வேண்டும். பிச்சம்மாள் பாயை எட்ட நின்று வீசிவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு அவன் நல்ல காரியத்துக்குப் புறப்படுகான். உன் மொகமும் காணப்பிடாது, சத்தமும் கேக்கப்பிடாது. கேட்டியா?"

தாணம்மாள் தலையை ஆட்டினாள். வருஷம் முழுக்கப் பாடுபட்டவளுக்கு இப்படி ஒரு நாள் பார்த்தா வரவேண்டும்? அழுகை முட்டியது.

காலையில் அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெல்லம் உருகும் மணம் வந்தது. அடைப் பிரதமன் பாயசம். வயிறு நிறையத் தின்ற காளை அவள் நினைவுக்கு வந்தது.

"தின்னு மக்கா. அம்புட்டுத் தூரம் மிதிக்கணும், தெம்பு வேண்டாமா?"

"போதும் அம்மே."

"இன்னும் ஒரு கரண்டி. நான் ராவு முழுக்க உக்காந்து அடை உண்டாக்கினேன்லா?"

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வராது. அவனுக்காக வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வேண்டியிருந்தது. அவளோ வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புறப்படும்போது அவன் கிணற்றடிப் பக்கம் வந்து தொண்டையைச் செருமினான். அவள் செம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான் பேச்சு.

அவன் போன பிறகுதான் அடுத்த இடி. ஊர்ப் பெரியவர் சுயம்புலிங்கம் வாசலில் நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ஊர்ப் பய நம்ம ஊர் வழியா வாறான். அனாதை மாதிரி விட முடியுமா? வாழை கெட்டுங்கலே, மேளத்தைக் கூப்பிடு. பிச்சம்மா, ஆரத்தி கரைச்சு வையி."

தாணம்மாள் ஓலைத்தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டாள். ரோடு ஒரு கீற்றாகத் தெரிந்தது. வெயில் ஏறுகிற நேரத்தில் நாலு சைக்கிள்கள் சர்ரென்று போயின. ஐந்தாவதாக, அந்த நாலாவது சைக்கிளை ஒட்டினாற்போல், வள்ளிநாயகம் வந்தான். முட்டு இரண்டும் உள்ளே இருந்தன. வாய் அசைந்துகொண்டிருந்தது. பிரதமனைத் தின்றும் பாட்டு முறியவில்லை! சொன்னதெல்லாம் கேட்டிருக்கிறானே என்று அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

அப்போது மேளம் முழங்கியது. சுயம்புலிங்கம் மாலையோடு நடு ரோட்டில் வந்து நின்றார்.

"நில்லுலே மக்கா, ஒரு நிமிசம்."

பெரியவர் மறித்தால் எப்படிப் போவது? வள்ளிநாயகத்தின் கால் தரையில் ஊன்றியது. கழுத்தில் மாலை விழுந்தது. பன்னீர் தெளித்தார்கள். பிச்சம்மாள் ஆரத்தித் தட்டை நிதானமாகச் சுற்றினாள். யாரோ இளநீரை நீட்டினார்கள், அதையும் வாங்கினான். முன்னால் போனவர்கள் பழையாற்றுப் பாலத்தைத் தாண்டியிருப்பார்கள். பின்னால் வந்தவர்களும் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அவன் சிரிக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் இளநீரும் கையுமாக நின்றான்.

"நிக்காதிய! ஏறிப் போங்கோ!"

தன் தொண்டையில் இப்படி ஒரு சத்தம் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. மேளம் நின்றுபோனது. எல்லோரும் சாய்ப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். வள்ளிநாயகம் இளநீரைப் போட்டுவிட்டு, மாலையோடேயே பாய்ந்து ஏறிப் போனான்.

தக்கலையில் கடைசி ஆட்களில் ஒருவனாக முடித்துவிட்டு, சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தான். விட்டதைப் பிடிக்கப் பறந்து, வில்லுக்குறி ஏற்றத்தில் பிரதமனையும் இளநீரையும் கக்கினானாம். ஆரத்தியை யாரும் குறை சொல்லவில்லை. பிரதமனை யாரும் குறை சொல்லவில்லை.

"தூரத்துக்காரி தொண்டை கிழியக் கத்தினா வெளங்குமா?" என்றாள் பிச்சம்மாள். வாசலில் நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். அவன் ஏதாவது சொல்லுவான் என்று தாணம்மாள் தட்டிக்குப் பின்னால் காத்திருந்தாள். அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

தலைமுழுகி வீட்டுக்குள் வந்த அன்று அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். அவன் முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது.

"தாணு, தோத்ததுக்குக் காரணம் பிடிபட்டுட்டு. சுயம்புலிங்கம் அண்ணாச்சி சொல்லுகாரு, முறையாப் பழக்கிவிட ஒரு ஆள் இல்லாமத்தான் நான் தோத்தேனாம். திருவனந்தபுரத்துல பட்டாளத்துல இருந்த ஒரு மாஸ்டர் இருக்காராம். ஊரே கூட்டிட்டு வாறேங்குது. அடுத்த வருஷம் கோப்பை நமக்குத்தான்."

கேலி பேசுகிறானோ என்று அவன் கண்ணைப் பார்த்தாள். கேலி இல்லை. அம்மை காதில் விழட்டும் என்று பேசுகிறானோ என்று நினைத்தாள். பிச்சம்மாள் எழுந்து கொல்லைக்குப் போனாள். அதற்குப் பிறகும் அவன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த மாஸ்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் மெல்ல. "களைச்சா உங்களுக்கு முட்டு வெளிய போயிரும்."

"அதெல்லாம் மாஸ்டருக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவன் கையைக் கழுவினான்.

மறுநாள் விடிகாலையில் குளத்தங்கரையில் அவன் பாடாமல் மிதித்தான். முட்டு இரண்டும் வெளியே தள்ளியிருந்தன. தாணம்மாள் படித்துறையில் நிற்காமல் குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.