லூசில் செய்த பெஞ்சு

பக்கத்து வீட்டு லூசிலின் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். மறைத்துப் பிரயோஜனமில்லை. கேக் சுடும் குழித்தட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்து ஊசி, பட்டன், சாவி என்று குழிக்கு ஒன்றாகப் போட்டிருப்பாள். பழைய ஏணியைக் குளியலறைச் சுவரில் சாய்த்துத் துண்டு காயப்போடுவாள். செருப்பு வைக்கும் துணிப்பையைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி மசாலா டப்பாக்களைச் சொருகுவாள். ஐந்து டாலர்கூடச் செலவிருக்காது. பார்க்கிறவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள், என் கணவர் கோர்டி உட்பட.

அத்தனையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் ஒரே மகள் கோரின் முதன்முதலாகத் தனியாக வீடு எடுத்துப் போகிறாள். பேக்கரிக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. அதை அமைத்துக் கொடுக்கிறவள் நானாகத்தான் இருக்க வேண்டும். லூசில் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது.

கடைக்குப் போய் ஆளுயரப் புத்தக அலமாரி ஒன்று வாங்கி வந்தேன். அதை வைக்கக் கார் ஷெட்டில் இடமில்லை. கோரின் குழந்தையில் படுத்த கம்பித் தடுப்பு வைத்த மரக் கட்டில், வெளிறிப்போய் மூலையில் கிடந்தது. அதைத் தூக்கித் தெருவோரம் வைத்தேன்.

மே மாதம் எங்கள் விஸ்கான்சின் ஊரில் கழித்துக்கட்டும் வாரம். புல்வெளி ஓரத்தில் வைத்ததைக் குப்பை லாரி வருவதற்குள் யாரும் எடுத்துப் போகலாம். கேட்க வேண்டாம், நன்றி சொல்ல வேண்டாம். பிறகு அதை யார் வீட்டில் பார்த்தாலும், இது என்னுடையது என்று வாய் திறக்கக் கூடாது. அதுதான் தெருவின் மரியாதை.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் லூசில் கட்டிலை இழுத்துக்கொண்டு போகிறாள்.

"அவளுக்குப் புள்ளையா குட்டியா? அத வச்சு என்ன பண்ணப் போறா?" என்றேன்.

"ஏதாவது பண்ணுவா. நல்ல கைவேலைக்காரி," என்றார் கோர்டி.

"அப்ப சாப்பாட்டுக்கும் அங்கயே போயிடுங்க."

சனிக்கிழமை அலமாரியை நானும் அவரும் மூச்சு வாங்க மாடிக்கு ஏற்றினோம். கூரை இரண்டு பக்கமும் சரிந்து தாழ்ந்த அறை. எந்தச் சுவரோரம் நிறுத்தினாலும் அலமாரியின் தலை இடித்தது. கடைசியில் தரையில் படுக்கப்போட்டோம். ஆனால் கூரை சரியும் இடத்தில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு பெஞ்சு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"லூசில் பண்ணிக் குடுத்தாங்க. மூடியத் தூக்கினா உள்ள போர்வை, தலகாணி எல்லாம் போட்டுக்கலாம்," என்றாள் கோரின்.

பெஞ்சின் முதுகுக் கட்டையைப் பார்த்தேன். வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடங்கள். தெருவின் மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று.

"இது உன் கட்டில்டி. பல்லு மொளைக்கறப்ப நீ கடிச்சது இது. அப்ப உன் பக்கத்துலயே உக்காந்திருந்தவ நான், அவ இல்ல."

மகள் உருகிப்போவாள் என்று நினைத்தேன்.

"தெரியும்மா. நீ அதத் தெருவுல வச்சதும் நான்தான் அவங்களுக்கு போன் பண்ணி, லாரி வர்றதுக்குள்ள எடுத்துடுங்கன்னு சொன்னேன்."

"ஏன், என்கிட்ட சொன்னா என்ன?"

"அந்தக் குப்பை எதுக்கு, புதுசு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருப்ப."

கோர்டி தரையில் கிடந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"உக்காந்து பாரேன்," என்றாள் கோரின்.

உட்கார்ந்தேன். கால் சரியாகத் தரையில் பதிந்தது, முதுகு சுகமாகச் சாய்ந்தது. ஓரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன்.

"கொஞ்சம் ஆடுதே," என்றேன்.

ஆடவே இல்லை.

கோரின் உடனே போனை எடுத்தாள். "லூசில், பெஞ்சு ஆடுதுங்கறாங்க அம்மா. ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா? இப்பவே வாங்க, காபி போட்டு வைக்கறேன்."

என் மகள் தன் வீட்டில் போட்ட முதல் காபியை லூசில்தான் குடித்தாள்.