பிடித்தம் இல்லாத சம்பளம்

அன்று காலை குவின்டன் ட்ராட் கடைக்குள் வரும்போதே 'குட் மார்னிங்' சொல்லவில்லை. பெர்முடாவில் அது பாதிச் சண்டைக்குச் சமம். ஏதோ வரப்போகிறது என்று கடைக்காரி வெனெட்டா லைட்போர்னுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கையில் இருந்த முட்டைக்கோஸை நறுக்குவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

"ஹாமில்டன்ல புதுசா ஒரு ரெஸ்டாரண்ட் திறந்திருக்காங்க, மிஸ் வெனெட்டா. என்னைக் கூப்பிட்டாங்க. மணிக்கு மூணு டாலர் கூட."

"சந்தோஷம். போயிட்டு வா."

"போயிட்டு வர்றதுக்கு இல்ல. ஒரேயடியா போறேன்."

"நானும் அதைத்தான்டா சொல்றேன். போயிட்டு வா."

பதினோரு வருடமாக அந்த மீன் சாண்ட்விச் கடையில் பொரித்தவன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். கப் மேட்ச்சுக்கு இன்னும் பத்தே நாள். மேற்குக் கோடி சாமர்செட்டும் கிழக்குக் கோடி செயின்ட் ஜார்ஜும் மோதும் அந்த இரண்டு நாள் கிரிக்கெட்டுக்குத் தீவே வேலையைப் போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்துவிடும். அங்கே போடும் ஸ்டாலில் வருகிற காசில்தான் ஈ ஓட்டுகிற குளிர்கால மாதங்களை வெனெட்டா தாண்டுவாள். இந்த வருடமும் இடத்துக்கு வாடகை கட்டியாகிவிட்டது. குவின்டன் பொரிக்கிற மீனுக்கு நிற்கிற வரிசை வேறு யார் பொரித்தாலும் நிற்காது.

சாயங்காலம் கணக்குப் பார்க்க வந்த அண்ணன் மகள் ஷெர்னெட் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அத்தை, உங்க வீம்புக்கு ஒரு அளவே இல்லையா? சம்பள வரியில முதலாளி பங்கு ஒண்ணு, தொழிலாளி பங்கு ஒண்ணு. அவன் பங்கை அவன் சம்பளத்துலேயே பிடிச்சுக்கலாம்னு சட்டமே சொல்லுது. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ்ல பாதி, முதியோர் நிதியில பாதி, அதையும் பிடிக்கலாம். நீங்க எல்லாத்தையும் கையிலிருந்து கட்டிட்டு வாயை மூடிட்டு இருக்கீங்க. அவனோ மூணு டாலர் கூடன்னு ஓடறான்!"

"ஓடட்டும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கொடுத்துட்டுக் கணக்குப் படிச்சா அது கொடுத்ததாடி?"

அவளுக்கு அதில் ஒரு பழைய கோபம் இருந்தது. பதினெட்டு வயதில் ஹோட்டல் அறைகளைப் பெருக்கிய முதல் வாரம், சொன்ன சம்பளம் ஒன்று, கவரில் இருந்தது வேறு. பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதாள். தனக்கென்று ஒரு கடை வந்தால் வாயால் சொன்ன தொகை அப்படியே கைக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை அவனுக்கு அங்கே சம்பளச் சீட்டு கொடுப்பாங்க. சனிக்கிழமை இங்கே நிப்பான், பாரு" என்றாள் வெனெட்டா. வேலை கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். ஏப்ரனைத் துவைத்து அதே ஆணியில் மாட்டினாள்.

சனிக்கிழமை மதியம் வரை அவன் வரவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெனெட்டா எட்டிப் பார்த்தாள். ஒரு சட்டி மீனைக் கருக்கினாள். உள்ளுக்குள் கொஞ்சம் பயந்தும் போனாள்.

மூன்று மணிக்குக் குவின்டன் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு புயல் மாதிரி நுழைந்தான்.

"மிஸ் வெனெட்டா, சரியான திருட்டுப் பசங்க! பாருங்க, எத்தனை இடத்துல வெட்டியிருக்கானுங்கன்னு. நீங்க போன் போட்டு நாலு வார்த்தை கேளுங்க."

"முதல்ல குட் ஆஃப்டர்நூன் சொல்லு."

சொன்னான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் சட்டப்படிதான்டா இருக்கு. ஒரு சென்ட்கூட தப்பில்ல."

"இங்கே இதெல்லாம் பிடிச்சதே இல்லையே?"

வெனெட்டா சீட்டை மடித்து அவனிடமே நீட்டினாள். மூலையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்த ஷெர்னெட்டால் பொறுக்க முடியவில்லை.

"பிடிக்கலைன்னா அரசாங்கம் சும்மா விட்டுடுமா? இத்தனை வருஷமா யார் கட்டினதுன்னு நினைக்கிறே?"

குவின்டன் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"நான் ஊரெல்லாம் உங்களைக் கஞ்சப்பிசினாறின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், மிஸ் வெனெட்டா."

"தெரியும். சர்ச்சுல என் காதுக்கே வந்துது."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே! வருஷா வருஷம் வரியும் இன்சூரன்ஸும் ஏற ஏற நீங்க கட்டியிருக்கீங்க. எனக்கோ சம்பளம் ஏறவே இல்ல. என் கைவேலை உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நினைச்சேன்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பணத்தைக் கொடுத்தோம், ஒரு நல்ல வார்த்தையைக் கொடுக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அது என் தப்புதான்டா. உன்னை மாதிரி பொரிக்கிறவன் இந்தத் தீவுலேயே கிடையாது" என்றாள்.

அவன் குனிந்துகொண்டான். "அங்கே சொல்லிட்டு வந்துடறேன். ஆனா இனிமே என் பங்கை என்கிட்டயே பிடிங்க. சீட்டும் கொடுங்க."

"பிடிக்கிறேன். ஆனா அந்த அளவு சம்பளத்தையும் கூட்டிடுவேன்."

"கூட்டினா அதுக்கும் வரி உண்டு, அத்தை!" என்று ஷெர்னெட் கத்தினாள்.

"இருந்துட்டுப் போகட்டும். சாண்ட்விச் விலையை ஐம்பது சென்ட் ஏத்து. இவன் மீனுக்குக் கொடுப்பாங்க."

கப் மேட்ச் அன்று காலை வெனெட்டா ஸ்டாலுக்கு வந்தபோது எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. குவின்டன் செயின்ட் ஜார்ஜில் பிறந்தவன். கல்யாணத்தால் மட்டும் சாமர்செட்டில் குடியிருப்பவன். பதினோரு வருடமும் பிறந்த ஊர் அணியின் வெளிர்நீலத் தொப்பி போட்டுக்கொண்டுதான் அவள் ஸ்டாலில் பொரித்தான். சாமர்செட்காரியான அவள் எவ்வளவு திட்டியும் கழற்றியதில்லை.

இன்றைக்கு அவன் தலையில் சாமர்செட்டின் சிவப்புத் தொப்பி இருந்தது. வரிசையில் நின்ற அவன் ஊர்க்காரர்கள் கைகொட்டிக் கூச்சல் போட்டார்கள். "டேய் குவின்டன், உன் அம்மா பார்த்தா சோறு போட மாட்டா!" அவன் காது வரை கறுத்துப்போய்க் குனிந்து மீனைத் திருப்பினான்.

வெனெட்டா அவன் பக்கத்தில் போய் நின்றாள். "கழட்டுடா அதை. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"குட் மார்னிங், மிஸ் வெனெட்டா" என்றான் குவின்டன். "இந்த ரெண்டு நாளைக்குக் கழட்ட மாட்டேன். வேணும்னா சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."