மாப்பிள்ளைக்கு வெந்நீர், இஸ்திரிப் பெட்டிக்குச் சிறை

நீதியின் பக்கம் நிற்போம் என்று நெஞ்சுயர்த்துவோரே, வாருங்கள்! இந்தக் கூடத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு புறம் தையல் மெஷின். அதன் முன்னே கையைப் பிசைந்துகொண்டு ஒருத்தி. மறு புறம் கண்ணாடித் தொட்டி. அதன் இளஞ்சூட்டு நீரில், ஒரு வேலையும் செய்யாமல் வாலை மட்டும் ஆட்டும் மீன்கள். உழைப்பவளின் கருவி பறிக்கப்பட்டிருக்கிறது. உழைப்பென்றால் என்னவென்றே அறியாதவை வெந்நீரில் மிதக்கின்றன. இந்த அநியாயம் அடுக்குமா?

கருவியைப் பறித்தவர் அந்நியர் அல்லர்; அவள் கணவர். பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பது அவர் தொழில். எவனோ ஒருவன் ஏமாற்றுகிறான் என்ற ஐயம் அவருக்கு மூச்சுப் போல இயல்பானது. முந்தின நாள் மின்கட்டணச் சீட்டு வந்ததும், வண்டியில் ஏறியவரைப் போல வீட்டின் முன்புறத்திலிருந்து பின்புறம் வரை நடந்தார். விளக்குகளை விசாரித்தார், குளிர்பெட்டியை முறைத்தார், இறுதியில் இஸ்திரிப் பெட்டியின் முன் நின்றார்.

"திருடன் இவன்தான். தொட்டா சுடுது பாரு. சூடாகுற சாமான் எல்லாம் கரண்ட்டக் குடிக்கும்."

"அப்போ தொட்டிக்குள்ள இருக்கிற ஹீட்டர் என்னங்க? அதுவும் சூடாத்தானே இருக்கு?"

"அது என் விரல் தண்டிதான் இருக்கு. அது எவ்வளவு குடிச்சிடப் போகுது? மாப்பிள்ளைக்குக் குளிர் ஆகாது, தெரியும்ல?"

மாப்பிள்ளை என்பது தொட்டியிலிருந்த பெரிய மீன். அவருடைய சொந்தத் தங்கையைக் கட்டியவருக்குக் கூட அந்த வீட்டில் அத்தனை உபசாரம் நடந்ததில்லை. மூச்சு முட்டுமென்று தொட்டியின் மூடியை எடுத்து அலமாரி மேல் வைத்திருந்தார். காற்று வேண்டுமென்று பகல் முழுவதும் மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தார். குளிருமென்று ஹீட்டரும் போட்டிருந்தார். காலைதோறும் தொட்டியில் நீர் குறைந்திருப்பதைக் கண்டு, "எப்படிக் குடிக்கிறான் பாரு, நல்ல ஆரோக்கியம்!" என்று பூரித்து, குழாய் நீரை மொண்டு ஊற்றுவார்.

அப்படிப்பட்டவர் இஸ்திரிப் பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியோடு வேலைக்குப் போய்விட்டார்.

இஸ்திரி இல்லாத தையல் அரைத் தையல். மடித்த ஓரம் படியாது, கழுத்துப் பட்டி நிமிராது. பாட்டு டீச்சர் ஒருவர் மெல்லிய பட்டுச் சட்டைக்குத் துணி கொடுத்திருந்தார். மாலையில் அதை அணிந்து மேடையேற வேண்டும். "சுருக்கம் இருந்தா, அடுத்த தெருக் கடைக்கே போயிடுவேம்மா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லும் வாடிக்கையாளர்தான் உண்மையிலேயே போய்விடுவார் என்பது தையற்காரிக்குத் தெரியும். அவர் போனால், பின்னாலேயே அவருடைய மாணவிகளும் போவார்கள்.

வெட்டும் வேலையையாவது முடிப்போமென்று துணியைத் தரையில் விரித்தாள். மெல்லிய பட்டு, விசிறிக் காற்றில் பட்டாம்பூச்சி போலப் பறந்தது. இந்தத் துணியை வெட்டும்போது விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். மாப்பிள்ளையின் கோபத்துக்கு அஞ்சாமல் நிறுத்தினாள்.

வெட்டி முடித்து நிமிர்ந்தபோது தொட்டியில் ஏதோ மாறியிருந்தது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது! பகலில் அது அணைந்து அவள் கண்டதே இல்லை. பழுதாகிவிட்டதோ என்று பதறினாள். பழியும் தன் தலையில் அல்லவா விழும்! புழுக்கம் தாங்காமல் விசிறியைப் போட்டுத் தைக்க உட்கார்ந்தாள். சட்டைக் கைகளைப் பொருத்தி முடிப்பதற்குள் சிவப்பு விளக்கு மறுபடி விழித்துக்கொண்டது.

இஸ்திரி போடும் முன் துணியில் நீர் தெளித்து வைப்பவள் அவள். ஈரத்துணி காற்றில் கிடந்தால் சில்லென்று குளிர்ந்து, நீரும் காணாமல் போய்விடும். தொட்டியைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போய் விசிறியை மறுபடி நிறுத்தினாள்.

"என்ன அண்ணி, தனியா சிரிக்கிறீங்க?" என்று உள்ளே வந்தாள் மாடியில் குடியிருக்கும் நாத்தனார்.

"உங்க அண்ணன் ஒரு கையால அடுப்ப மூட்டி, இன்னொரு கையால சோத்த ஆத்திக்கிட்டு இருக்கார். நாள் முழுக்க!"

மதியம் கணவர் வந்தார். வந்ததும் வராததுமாக, "விசிறிய யாரு நிறுத்தினது? மாப்பிள்ளை எப்படி இருப்பான்?" என்றார்.

"நல்லாத்தான் இருக்காரு. உங்க கைய அந்தத் தண்ணில நனைங்க. இப்ப விசிறியப் போடறேன், நீட்டிப் பிடிங்க. எப்படி இருக்கு?"

"சில்லுனு இருக்கு."

"தொட்டித் தண்ணிக்கும் அப்படித்தாங்க இருக்கும். மூடியும் இல்ல. விசிறி ஆறவைக்குது, ஹீட்டர் சூடாக்குது. ரெண்டுக்கும் நடுவுல நடக்கிற சண்டைக்கு நாம கரண்ட் சப்ளை. விசிறி நின்னு தண்ணி சூடானா, அந்தச் சிவப்பு விளக்கு தானா அணையுது."

பரிசோதகர் எளிதில் விடுவாரா? "தண்ணி குறையுதே? அவன் குடிக்கிறதாலதானே?"

"தினம் அவ்வளவு குடிக்க அவன் என்ன ஒட்டகமா அண்ணா?" என்று நாத்தனார் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். "தண்ணிக்குள்ளயே பொறந்தவனுக்கு மூடி போட்டா மூச்சு முட்டுமாம்! ஊர்ல இருக்கிறவங்க கிட்ட எல்லாம் டிக்கெட் கேக்குறீங்க, உங்க மாப்பிள்ளை மட்டும் ஓசிப் பயணமா?"

"உன் பெட்டி மட்டும் கரண்ட்டே குடிக்கலையாக்கும்?" என்று மனைவியின் பக்கம் திரும்பினார் அவர்.

"குடிக்குது. இல்லைன்னு சொல்லல. அது வேலை செய்யறப்ப மட்டும் குடிக்குது. உங்க விரல் தண்டி ஹீட்டர் நாம தூங்கறப்பவும் குடிக்குது."

அவர் அலமாரியின் பக்கம் நடந்தார். அலமாரி மேலிருந்து மூடியை எடுத்துத் துடைத்தார். தொட்டி மேல் வைத்தார். விசிறியைத் தாமே நிறுத்தினார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருப்பவரைப் போலச் சிவப்பு விளக்கின் முன் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியது. வெகுநேரம் சென்று, விளக்கு அணைந்தது.

சாவியை எடுத்து நீட்டினார். "சூடு பார்த்துப் போடு. பட்டுத்துணி" என்று மட்டும் சொன்னார். மன்னிப்பை இப்படியும் கேட்கலாம் என்று அன்றுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

மாலைக்குள் கழுத்துப் பட்டி நிமிர்ந்தது. டீச்சர் சட்டையை விரித்துப் பார்த்து, அடுத்த வாரத்துக்கு இன்னொரு துணியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பார்த்தவர்களே, பார்த்ததோடு போய்விடாதீர்கள்! மீன் வளர்ப்பது குற்றமன்று. அழகை நேசிப்பவரை யார் தடுப்பார்? ஆனால் கட்டணம் ஏறியதும் முதலில் உழைக்கும் கையை நோக்கியே விரல் நீள்கிறதே, அந்த விரலை மடக்குங்கள்! அடுத்த சீட்டு வருமுன் உங்கள் வீட்டில் எழுந்து நடங்கள். எது வேலைக்காக எரிகிறது, எது செல்லத்துக்காக எரிகிறது என்று கண்ணால் கண்டு சொல்லுங்கள். வீட்டுக்குள் இருந்து சம்பாதிப்பவளின் கருவியை யாராவது பூட்டி வைத்திருந்தால், இன்றே, இப்போதே, அந்தப் பூட்டைத் திறங்கள்!