ஒரு ஆள் குறைந்த ஆட்டம்

சப்பாத்து காலில் ஏறவில்லை. பேச்சியம்மா அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க, லிண்ட் துரை சுவரில் சாய்ந்து குதிகாலை அழுத்தினார். கணுக்காலில் அவள் விரல் பட்ட இடம் குழிந்து, அப்படியே நின்றது.

"வேணாம் தொர. கால பாருங்க, எப்புடி வீங்கிக் கெடக்கு."

"ஒரு ஆள் கொறையுதாம் பேச்சி. என்னயத்தான் கூப்புட்டிருக்காங்க."

ஹந்தானைத் தோட்டத்தில் காப்பி உரிக்கும் யந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். இங்கிலீஷ்காரர் இல்லை, சுவீடன் என்ற குளிர் தேசத்துக்காரர். பேச்சியம்மாவோடு குடித்தனம் தொடங்கியதிலிருந்து மற்றத் துரைமார் அவரை விருந்துக்கும் கூப்பிடவில்லை, ஆட்டத்துக்கும் கூப்பிடவில்லை. ஐந்து வருஷம். இன்று காலை பெரிய துரையிடமிருந்து சீட்டு வந்தது. கண்டி மைதானத்தில் பட்டாளத்தாரோடு உதைபந்து, பின்னேரம் நாலு மணிக்கு.

இருபது வயதில், தன் ஊர் ஆலைக்கு வந்த ஸ்கொத்லாந்துக்காரரிடம் அந்த ஆட்டத்தைப் பழகினாராம். அந்த ஊரிலே பந்தை உதைத்த முதல் பத்துப் பேரில் தானும் ஒருவன் என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் உயரும். பனி மூடிய திடலில் ஆடியதை, தோள் எலும்பு முறிந்தும் வெளியே வராமல் நின்றதை, பாதிரி பிரசங்கத்திலே திட்டியதை எல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். இலைநோயில் காப்பி பட்டுப்போனபின், வெறுமையாய்க் கிடந்த காயப்போடும் களத்தில் லயத்து வீடுகளில் இருந்த கூலியாட்களைச் சேர்த்துக்கொண்டு ஆடினார். அவள் தம்பி வீரையாவும் அங்கேதான் பழகினான். மூன்று மாதத்துக்கு முன் அதே களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இனி ஓடினால் உயிர் நிற்காது என்று டாக்டர் சொன்னதை வீரையாதான் அவளிடம் வந்து சொன்னான்.

அந்தப் பேச்சை அவள் இப்போது எடுக்கவில்லை. காலையிலிருந்து அவர் இரண்டு தடவை முகம் மழித்திருந்தார். அவள் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இழுத்து முடிந்தாள்.

வீரையாவும் கூட வந்தான். மலை இறங்கும்போது துரை நாலு இடத்தில் நின்றார். வழிநெடுகக் காப்பி இலைகள் செம்மஞ்சள் தூள் படிந்து, தோள் உரசினாலே உதிர்ந்தன. அவர் உதட்டில் நீலம் பாய்ந்திருந்ததை அவள் பார்த்தாள். வீரையாவும் பார்த்தான்.

மைதானத்து ஓரத்தில், குதிரைக்காரர்களோடு மரத்தடியில் அக்காவும் தம்பியும் நின்றார்கள். லிண்ட் முதலில் ஓடவேயில்லை. நின்ற இடத்திலேயே பந்தை வாங்கி, யாரும் எதிர்பாராத பக்கம் தள்ளிவிட்டார். ஒருமுறை இரண்டு சிப்பாய்கள் ஒன்றாய் மேலே பாய, நடுவிலிருந்து பந்தோடு வெளியே வந்தார். துரைமார் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

"அக்கா, கூப்புடு. போதும்னு சொல்லு," என்றான் வீரையா.

"அத்தன பேரு முன்னாடியா?"

"கூப்புடுக்கா."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பந்து மறுபடி அவரிடம் வந்துவிட்டது. இந்த முறை ஓடினார். பந்து கம்பங்களுக்கிடையே போனது. ஆரவாரத்தில், அவர் முழங்கால் மடிந்து விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவள் ஓடினாள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பெரிய துரை கையை நீட்டி மறித்தார்.

"ஏய், இங்க வரக்கூடாது. போ."

"அவரு பொஞ்சாதிங்க தொர," என்றான் பின்னால் வந்த வீரையா.

கை இறங்கவில்லை. அந்தக் கைக்குக் கீழாகத்தான் பார்த்தாள். யாரோ அவர் முகத்தின்மேல் தொப்பியை வைத்தார்கள்.

மறுநாள் காலை வெள்ளைக்காரர் மயானத்தில் அடக்கம். இரும்பு வாசலுக்கு வெளியே நிற்கலாம் என்றார்கள். நின்றாள். உள்ளே பெட்டியைச் சுற்றி நின்ற துரைமார் ஒருவரையொருவர் ஏதோ கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டார்கள். சற்றுக் கழித்து, தேவாலய எழுத்தர் முத்துலிங்கம் பதிவுப் புத்தகத்தோடு வாசலுக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆள்.

"அவற்ற முழுப்பேர் ஒருத்தருக்கும் தெரியேல்லையாம். உமக்குத் தெரியுமே?"

"யோன் ஆந்தர்ஸ் லிண்ட்."

"தகப்பன்ர பேர்?"

"ஓலோப். கப்பல்ல தச்சு வேல."

"பிறந்த ஊர்?"

"யோத்தெபோரி." அவருக்கு விளங்கவில்லை. அவள் எழுத்தெழுத்தாய் நிறுத்திச் சொன்னாள்.

"வயசு?"

"வார தையில முப்பத்திரெண்டு."

"தொழில்?"

அவள் சற்று யோசித்தாள். "பந்து வெளயாடுவாரு."

முத்துலிங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டு, புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே நடந்தார்.

இன்னும் எதையாவது கேட்பாரென்று அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.