தைலம்மாளுக்கு நின்ற படகுகள்

கதிர்வேலை ஜெயிலிலிருந்து முன்கூட்டியே விடலாமா கூடாதா என்று கேட்டுக்கொண்டு ஒரு அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். வித்யா என்று பெயர். நன்னடத்தை அலுவலராம். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு வருஷத்தில் யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. கோர்ட்டில்கூட ஒரே ஒரு கேள்விதான். "இது உங்க அம்மா கூடையா?" ஆமாம் என்றேன். இறங்கிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கூடைக்குச் சொந்தக்காரி அமிர்தம், என் அம்மா. 1992-ல் இயக்கம், போராட்டம் என்று சொல்லிக்கொண்டு, சரக்கு ரயிலைக் கவிழ்க்கத் தண்டவாளத்தில் குண்டு வைத்தார்கள் நாலு பேர். ரயில் வருமுன்பே அது வெடித்துவிட்டது. கிள்ளைப் பக்கத்துக் கரையிலிருந்து சிதம்பரம் வண்டியைப் பிடிக்க, தண்டவாளத்தை ஒட்டி நடப்பதுதான் மீன் விற்கப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் குறுக்கு வழி. அன்றைக்கு நடந்தவள் அம்மா ஒருத்திதான். குண்டு வைத்தவர்களில் மூன்று பேர் வெளியூர். நாலாவது ஆள் கதிர்வேல், எங்களுக்கு ஆறாவது வீடு. முதலில் தூக்கு என்றார்கள், அப்புறம் ஆயுள் என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். எதிலும் அவன் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"ஆட்சேபம் உண்டா இல்லையான்னு மட்டும் சொன்னா போதும்க்கா" என்றார் வித்யா.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவர் போனதும் ஊர்த் தலைவர் பஞ்சநாதன் மாமா வந்தார். "இதுல யோசிக்க இன்னா இருக்குது லோகா? வேணாம்னு கையெழுத்துப் போடு. ஊரே அதத்தான் சொல்லுது" என்றார். அதற்கு முந்தின வாரம்தான் சிதம்பரம் மார்க்கெட்டில் நாலு பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சுவரில் கதிர்வேல் படம் போட்டு 'மாவீரனை விடுதலை செய்' என்று போஸ்டர் ஒட்டியவர்கள். நான் அவர்கள் மேடையில் ஏறி மன்னித்தேன் என்று சொல்ல வேண்டுமாம். "செத்தவ பேரு இன்னா, சொல்லுங்க பாக்கலாம்" என்றேன். ஒருத்தன் இன்னொருத்தன் முகத்தைப் பார்த்தான். மீன் கழுவின தண்ணீரை அப்படியே அந்தப் போஸ்டர் மேல் ஊற்றிவிட்டு வந்தேன்.

ஆக, ஒரு பக்கம் வெட்டு என்கிறார்கள், ஒரு பக்கம் கட்டிப்பிடி என்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் தைலம்மாள் செத்துப்போனாள். கதிர்வேலின் அம்மா. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டில் தனியாகக் கிடந்து, ஒரு மத்தியான நேரத்தில் போய்விட்டாள். ஒரு காலத்தில் எனக்குப் பெரியம்மா முறை. பதினேழு வருஷமாக நான் அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் அவளே மணலில் இறங்கி ஒதுங்கி எனக்கு வழி விடுவாள். நானும் விட்ட வழியில் தலை நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் செத்தாலும், பாடை எடுக்கிறவரை ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது. குடிகாரன் செத்தாலும் நிற்கும், பிறந்து பத்து நாளான பிள்ளை செத்தாலும் நிற்கும். என் அம்மாவுக்கு மூன்று நாள் நின்றது. போலீஸ் உடம்பைக் கொடுக்க மூன்று நாள் ஆனது.

சாயந்திரம் பஞ்சாயத்து கூடியது. மகனுக்குச் சேதி சொல்லியாகிவிட்டது, கொள்ளி வைக்கப் போலீஸ் காவலோடு மறுநாள் பத்து மணிக்குக் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். பஞ்சநாதன் மாமா எழுந்து, "அவன் வரட்டும், போவட்டும். ஆனா படகு நிக்காது. குண்டு வெச்சவன் குடும்பத்துக்கு இந்த ஊரு துக்கம் காக்காது. அமிர்தத்துக்கு நாம செய்ற மரியாத இது" என்றார். அதோடு கூட்டம் கலைந்தது.

எனக்குத் தூக்கம் ஏது? விடிகிற நேரத்துக்குக் கரைக்குப் போனேன். மாமாவின் பைபர் படகைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் மூக்குக்கு நேரே ஈர மணலில் உட்கார்ந்தேன்.

"எந்திரி லோகா."

"என் மேல ஏத்திக்கினு போங்க."

"பைத்தியமா புடிச்சிருக்குது? உங்க அம்மாவ வெடி வெச்சுக் கொன்னவன்டீ அவன்!"

"அவன்தான கொன்னான்? பெரியம்மா இன்னா பண்ணாங்க? என் அம்மா பேரச் சொல்லி இன்னொரு பொம்பளைய அனாதப் பொணமா எடுப்பீங்களா? இதுக்கா செத்தா எங்கம்மா?"

"ஊர்க் கட்டுப்பாட்ட மீறுனா ஒன்னையும் ஒதுக்கி வெப்போம், தெரியும்ல?"

"நானா மீறுறேன்? சாவு வுழுந்த அன்னிக்குப் படகு எறக்குறது நீங்க மாமா!"

என்னோடு மார்க்கெட்டுக்கு வரும் சௌந்தரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அப்புறம் செல்லாயி வந்தாள். மாமா எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். துடுப்பை மணலில் வீசிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவர் படகே போகாதபோது வேறு எந்தப் படகு போகும்?

பத்து மணிக்கு ஜீப் வந்தது. கதிர்வேல் இறங்கினான். நாற்பதுகூட ஆகாதவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு பக்கமும் போலீஸ். வீட்டுப் பக்கம் திரும்பாமல் கரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். முப்பது படகு வரிசையாக நின்றது.

நான் அவன் எதிரே போனேன். போலீஸ்காரர் தடுக்கப் பார்த்தார். "செத்தவ பொண்ணுங்க நான்" என்றேன். எந்தச் செத்தவள் என்று அவர் கேட்கவில்லை, விட்டுவிட்டார்.

"பாத்துக்க. உங்க அம்மாவுக்காவ நிக்குது. எங்க அம்மாவுக்கும் இப்பிடித்தான் நின்னுது, மூணு நாளு. அத நீ பாக்கல" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அன்னிக்கு யாரும் வரமாட்டீங்கன்னுதான் வெச்சோம் லோகா."

"இன்னா?"

"மொத நாளு பட்டம்மா ஆயா செத்துப்போச்சு. படகு எறங்காது, மீன் இருக்காது, லைன் மேல ஒரு பொம்பளையும் வராதுன்னு நான்தான் அவுங்களுக்கு நாள் சொன்னேன்."

அம்மா அன்றைக்குக் கொண்டுபோனது மீன் இல்லை, கருவாடு. வீட்டில் அரிசி இல்லை. விடியலில் போய் விற்றுவிட்டு, பட்டம்மாளை எடுப்பதற்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினாள். படகு நின்றாலும் கருவாடு நிற்காது என்பது இவனுக்குத் தோன்றவில்லை. கரையில் பிறந்து வளர்ந்தவன், பானையில் அரிசி இல்லாத வீட்டை மறந்துவிட்டான்.

இதைக் கேட்டால் மனசு இளகும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு இளகவில்லை. முன்பைவிட எரிந்தது.

"அப்போ எங்க ஊரு துக்கத்த வெச்சு நாளு குறிச்சியா? ஒரு கெழவி செத்துக் கெடக்குறது ஒனக்குத் தோதாப் போச்சா?"

அவன் அழுதான். அழட்டும் என்று நின்றேன், நகரவில்லை. பிறகு அவன் கொள்ளி வைத்தான். ஜீப் போனது. அதற்கப்புறம்தான் படகுகள் இறங்கின.

அடுத்த வாரம் வித்யா மறுபடியும் வந்தார். வாசலில் பஞ்சநாதன் மாமாவும் நின்றுகொண்டிருந்தார், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க.

"ஆட்சேபம் இல்லன்னு எழுதுங்க. ஆனா மன்னிச்சேன்னு ஒரு எடத்துலயும் எழுதக் கூடாது" என்றேன்.

மாமா பதறிப்போனார். "வெளிய வுட்டா மால போட்டு ஊர்வலம் கூட்டிக்கினு போவானுங்க லோகா!"

"அதுக்குத்தான் மாமா சொல்றேன். உள்ள இருக்குறவரைக்கும் அவன் போஸ்டரு. தூக்குல போட்டிருந்தா செல வெச்சிருப்பானுங்க. வெளிய வந்தா மேட ஏறக் கூடாது, வெளியூர் போவக் கூடாது. இந்த ஊர்லதான் இருக்கணும், தெனமும் என் வாசலத் தாண்டித்தான் நடக்கணும்."

"ஊரு ஒத்துக்கணுமே?"

"படகு முன்னாடி ஒக்காந்தவளுக்கு ஊர ஒத்துக்க வெக்கத் தெரியாதா?"

வித்யா பேனாவை மூடப் போனார். "இன்னும் முடியல, எழுதுங்க" என்றேன். "இனிமே இந்த ஊர்ல யாரு செத்தாலும், கரையோரம் ஓடி ஒவ்வொரு படகா நிறுத்தச் சொல்ற வேல அவனுது. எந்த வூட்டுல சாவு, செத்தவங்க பேரு இன்னா, அவன் வாயால சொல்லணும். அவன் சாவுறவரைக்கும்."

"இதுக்கெல்லாம் ஃபாரத்துல எடம் இல்லியேக்கா."

"பின்பக்கம் காலியாத்தான இருக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கிறவரை காத்திருந்து கடைசியாக ஒன்றைச் சொன்னேன்.

"என் சாவுக்கும் அவன்தான் நிறுத்தணும். அமிர்தத்தோட பொண்ணு செத்துட்டான்னு சொல்லச் சொல்லுங்க."